பெயர் எழுதாத கோப்புகள்

கடகடவென்று ஒரு சத்தம். பதிவறையில் இருக்கும் இரும்பு அலமாரியின் கைப்பிடியை யாரோ பலங்கொண்ட மட்டும் திருகுகிறார்கள்.

முன்னறையில் மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த பள்ளி எழுத்தரின் கை அந்தரத்தில் நின்றது. சனிக்கிழமை மதியம். பள்ளியில் ஒரு குருவிகூட இல்லை. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்துபோன அவளுடைய அக்காவைத் தவிர.

மேசைமேல் இருந்த கைப்பையைப் பார்த்தாள். வாய் பிளந்து கிடந்தது. சாவிக்கொத்தைக் காணோம். கிறீச்சென்று அலமாரி திறந்துகொள்ளும் சத்தமும் கேட்டுவிட்டது. ஓடினாள்.

உள்ளே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள் அக்கா. பிடிபட்டவளின் முகமாக அது இல்லை. ஏமாந்துபோனவளின் முகமாக இருந்தது.

"என்னடி கூத்து இது? ஆயிரம் ஃபைல் இருக்கு, ஒண்ணுலகூடப் பேர் இல்ல! எல்லாம் நம்பரு. இங்க படிக்கிறது பிள்ளைங்களா, கைதிங்களா?"

"சாவியக் குடுக்கா."

"குடுக்கறேன். முதல்ல அவனோட நம்பரச் சொல்லு."

அவன் என்றால் யார் என்று அவள் சொல்லத் தேவையில்லை. அக்காவின் ஒரே மகளுக்குப் பார்த்திருக்கும் பையன். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே பள்ளியில் படித்தவன். அக்கா மகளும் அவனும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் சம்மதித்து, நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிப்பதாக ஏற்பாடு. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி அக்காவின் தையல்கடைக்கு வந்து ஊதிவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருடம் பள்ளிக்கே வரவில்லையாம். போலீஸ் விவகாரமாம். நெருப்பில்லாமல் புகையுமா?

அந்த ஒரு வருடத்தின் கதை இந்த அலமாரிக்குள் இருந்தது. மூன்றாவது தட்டு, இடமிருந்து பதினேழாவது கோப்பு. எழுத்தருக்கு அந்த எண் மனப்பாடம். கோப்பில் இருக்கும் பக்கமும் ஏறக்குறைய மனப்பாடம். அந்தப் பையனைத் தலை நிமிர்ந்து நிற்க வைக்கும் பக்கம் அது. ஒரு வார்த்தை, "நல்ல பையன்தான்க்கா" என்ற ஒரே வார்த்தை சொன்னால் போதும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். எழுத்தர் தான் பெறாவிட்டாலும் தோளில் போட்டு வளர்த்த அக்கா மகள் கல்யாணக் களையோடு நிற்பாள்.

அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது.

ஆசிரியர்கள் அவளை 'நம்பரம்மா' என்று கேலி செய்வார்கள். அந்தப் பெயர் வந்த வழி அவளுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் கோப்புகளின் முதுகில் பெரிய எழுத்தில் பெயர்கள் எழுதியிருந்தாள். படிப்பில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளின் கோப்புகளுக்குச் சிவப்பு நாடா. அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் ஜன்னலோரம் நின்ற ஒரு தாய் எட்டிப் பார்த்தாள். பார்த்ததைத் தெருவெல்லாம் சொன்னாள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு 'சிவப்பு நாடா' என்று பட்டப்பெயர் விழுந்தது. பத்தே நாளில் அந்தக் குழந்தை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டது. எழுத்தர் அவள் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் வாசலில் நின்றாள். சிறுமி வெளியே வரவே இல்லை.

அந்த வருடக் கோடை விடுமுறையில் தனியாக உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் கோப்புகளின் பெயர்களையும் கிழித்தெடுத்தாள். நாடாக்களை எரித்தாள். எண்களை மட்டும் ஒட்டினாள். எந்த எண் யாருடையது என்று சொல்லும் நோட்டு தலைமையாசிரியையின் பெட்டகத்துக்குப் போனது. அலமாரிச் சாவி ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம். இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு யாரும் அவளைப் பாராட்டவில்லை. வேலை இரட்டிப்பாகிவிட்டதென்று முனகினார்கள். அவள் பாட்டுக்கு இருபது வருடமாக அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள்.

"சொல்லமாட்டேன்க்கா."

"என் மிஷின் மிதிச்ச கால்தான்டி உன்ன இந்த நாற்காலியில உக்கார வச்சுது! ராப்பகலா ஜாக்கெட் தைச்சு உன்னப் படிக்க வச்சேன். என் பொண்ணுக்காக ஒரு ஃபைலத் திறக்கமாட்டியா?"

எழுத்தரின் கண் நிறைந்துவிட்டது. அது அத்தனையும் உண்மை. அக்காவின் வலது முழங்கால் இன்றும் வீங்கித்தான் இருக்கிறது.

"உனக்கு என் உசுரக் கேளு, தரேன். இது என்னோடது இல்ல. படிக்கிற வரைக்கும் பிள்ளையும் அப்பா அம்மாவும் பாக்கலாம். பெரியவனாயிட்டா அவன் மட்டும்தான். இதுதான் இந்தப் பள்ளிக்கூடத்து விதி."

"அப்போ ஏதோ இருக்கு. இல்லேன்னா நீ ஏன் வாயத் திறக்கமாட்டேங்கிற?"

"இருந்தாலும் இதே பதில்தான், இல்லாட்டியும் இதே பதில்தான். தெரியணும்னா அவன்கிட்டயே கேளேன். அவன் ஃபைல அவன் எப்ப வேணா வந்து பாக்கலாம். தப்பா ஏதாவது எழுதியிருந்தா திருத்தச் சொல்லியும் கேக்கலாம்."

அக்கா சாவிக்கொத்தை மேசைமேல் விட்டெறிந்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரியலேன்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிடுவேன். அந்தப் பாவம் உன் தலையில!"

நான்கு நாள் அக்காவிடமிருந்து ஒரு போன் இல்லை. அக்கா மகள் மட்டும் ஒருமுறை கூப்பிட்டாள். "சித்தி, நீ சொல்லாதது சரிதான். ஆனா அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறாங்க" என்றாள். எழுத்தருக்கும் சோறு இறங்கவில்லை. தன் பிடிவாதத்தால் ஒரு பெண்ணின் வாழ்வு கெட்டுவிடுமோ என்று எண்ணி எண்ணி மறுகினாள்.

வியாழக்கிழமை ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றான் அந்தப் பையன். கையில் பூர்த்தி செய்த விண்ணப்பம். அவனுக்குப் பின்னால் பெஞ்சில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அக்கா.

"என் ஃபைலப் பாக்கணும் மேடம்."

"அடையாள அட்டை?"

"என்னைத் தெரியாதா உங்களுக்கு? உங்க வீட்டு மாப்பிள்ளையாகப் போறவன்!"

"தெரியும். ஒழுகுற மூக்கோட ஒண்ணாம் வகுப்புல சேர்ந்தது முதல் தெரியும். அட்டையக் காட்டுப்பா."

அவன் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். அவள் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். கையெழுத்து வாங்கினாள். தலைமையாசிரியையிடம் போய் நோட்டைப் பார்த்து வந்தாள், எண் தெரிந்திருந்தும். அவனை உள்ளே உட்காரவைத்து, கோப்பை அவன்முன் வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் பக்கம் புரளும் ஓசை மட்டும். பிறகு அவன் குரல் கேட்டது.

"அத்தை, உள்ள வாங்க. எங்கம்மாகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். 'சொல்லிடுடா'ன்னுட்டாங்க."

அவனே வாசித்தான். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பு. 'மாணவனின் தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். தந்தை இல்லை. நான்கு வயதுத் தங்கையைக் கவனித்துக்கொள்ள மாணவன் இந்த ஆண்டு விடுப்புக் கேட்கிறான். வீட்டுக்குச் சென்று பார்த்தேன். சமைக்கிறான். தங்கைக்குத் தலை பின்னிவிடுகிறான். அவன் திரும்பி வரும்வரை அவனுடைய இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.'

"அம்மாவோட விஷயம்னுதான் நான் யார்கிட்டயும் சொல்லல அத்தை" என்றான்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் நேராகத் தங்கையிடம் பாய்ந்தாள்.

"இத்தன நல்லத நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டா என்னப் பட்டினி போட்ட? 'நல்ல பையன்'னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"இவனுக்கு நல்லது சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தனுக்கு நான் சும்மா இருக்கிறதே கெட்டதா ஆயிடும்க்கா. அப்ப அந்தப் பிள்ளை எங்க போவான்?"

அக்கா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. பையன் எழுந்து எழுத்தரின் முன் வந்தான். இரண்டு கைகளாலும் கோப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"பன்னிரண்டு வருஷமா எங்கம்மாவ நீங்க காப்பாத்தியிருக்கீங்க மேடம். அவங்களுக்கு உங்க முகம்கூடத் தெரியாது."

எழுத்தர் கோப்பைப் பார்த்துவிட்டதற்கான பதிவேட்டில் நேரத்தைக் குறித்தாள். இருபது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது.

அப்போது மாற்றுச் சான்றிதழுக்காக வந்த ஒரு தகப்பன் வாசலில் தலைநீட்டி, "என்ன, ஏதாவது பிரச்சனையா? ஏன் அழறாங்க?" என்று கோப்பை எட்டிப் பார்த்தான்.

அக்கா ஒரே எட்டில் அவனுக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"வெளிய இருங்கய்யா! உங்க முறை வந்தா கூப்பிடுவாங்க. இது என் தங்கச்சி ஆபீசு. இங்க அடுத்தவன் கதை கிடைக்காது!"

சொல்லிவிட்டுத் தங்கையின் கன்னத்தை ஒருமுறை தடவினாள். "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்து சேரு. நீ வராம நான் ஆரம்பிக்கமாட்டேன்" என்றாள். "வாங்க மாப்பிள்ளை" என்று பையனை முன்னால் விட்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு தானும் வெளியேறினாள். வாசலில் நின்று, கதவைத் தன் கையாலேயே இழுத்து, நன்றாக அழுத்திச் சாத்தினாள்.