பாதி சிங்காரம்

மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்தில் கூடை தூக்கி மீன் விற்கிற சொர்ணத்துக்கு வாய் நீளம். அவள் மீனைப் பழசு என்று சொல்லிவிட்டு எவரும் சும்மா தப்பிப் போனதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அது அவள் புருஷன் சிங்காரத்தைப் பற்றியது.

சிங்காரத்தின் காதில் ஒரு குரல். கடலுக்கடியிலிருந்து, இறங்கி வா என்று கூப்பிடுமாம். ஒருநாள் கட்டுமரத்திலிருந்து குதித்தேவிட்டான். கூட இருந்த மாரி தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். குரலை அடக்கக் குடித்தானா, குடித்ததால் குரல் வந்ததா, அவனுக்கே தெரியாது. மதுவிலக்குக் காலம் வேறு. சவுக்குத் தோப்பில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதைத்தான் குடித்தான்.

சொர்ணம் அவனைப் பாதி பாதியாகப் பிட்டுக்கொண்டு அலைந்தாள். கோவளம் தர்காவில் குரலைச் சொன்னாள். அந்த இடத்தில் குடியைச் சொல்ல வாய் வருமா? குப்பத்து அம்மன் கோயிலில் குடியைச் சொல்லிக் காப்புக் கட்டவைத்தாள். குரலைச் சொன்னால் அப்புறம் எவன் அவனைக் கட்டுமரத்தில் ஏற்றுவான்? கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

காப்புக் கட்டியதும் சிங்காரம் குடியை ஒரேயடியாக விட்டான். ஊரே மெச்சியது. மெச்சி வாய் மூடுவதற்குள் கைகால் உதறல், வாந்தி, சுவரெல்லாம் நண்டு ஊர்கிறது என்று அலறல். மாரியும் அவளும் அவனைப் பஸ்ஸில் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் தேவசகாயம் நாடியைப் பிடித்தபடி கேட்டார்: "குடிப்பாரா?"

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு கைதி. அவனுக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிள். போன வருஷம் சொர்ணத்தின் அண்ணன் வாயில் சாராய வாடை வந்ததற்கே ஜெயிலுக்குப் போனவன்.

"ஐயே, தொடவே மாட்டாருங்க."

"மறைக்காதேம்மா. தெரியாம மருந்து குடுத்தா ஆளு பிழைக்கமாட்டார்."

சிங்காரம் போர்வையிலிருந்து இல்லாத நண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சொர்ணம் அதையே பார்த்தாள். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே, அவளிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

"குடிப்பாருங்க. தெனமும் குடிப்பாரு. இப்பத்தான் வுட்டாரு. காதுல ஒரு கொரலு வேற கூப்பிட்டுக்கினே கீதுங்க. என்னால இனிமே முடியாது சாமி."

கான்ஸ்டபிள் நிமிர்ந்தான். "எந்தத் தோப்புச் சரக்கு?"

"நீ உன் கைதியைப் பாருய்யா," என்று அதட்டிவிட்டு டாக்டர் அவளிடம் திரும்பினார். "உதறல், குடியைத் திடீர்னு நிறுத்தினதால. குரல் வேற நோய். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. இது அடங்கட்டும், மெட்ராஸ்ல மனநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். நாளாகும். முழுசாக் குணமாகும்னு சத்தியம் பண்ணமாட்டேன்."

சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டையும் ஒரே எடத்துலயா பாப்பாங்க?"

"ஒரே இடத்துலதான்."

அவள் கட்டிலின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ ஒரு பஸ்ஸு ஏறுனா போதும்," என்றாள்.