வெளிச்சம் போவதற்குள் அரைக் குப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரைட்டனின் போன் அடித்தால் அது மாமியார்தான். ஜெர்மனியில் பாம்பெர்க் நகரத்தில் எட்டு என்றால், குளச்சலுக்கு மேற்கே இருக்கிற அந்தக் கடற்கரை ஊரில் பன்னிரண்டரை. ஞானசெல்வி பூசை முடிந்து வந்து மீன்குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதித்து இறங்குவதற்குள் பேசி முடித்துவிடுவார். குளிர் எப்படி, ஷீஜாவுக்கு ஆஸ்பத்திரியில் இந்த வாரம் என்ன டியூட்டி, அரிசி கிடைக்கிறதா என்று எல்லாம் விசாரித்த பிறகு கடைசியில் ஒரு கேள்வி வரும்.

"மக்கா, சத்தியம் கெடக்கா?"

"கெடக்கு மாமி."

போனை வைத்ததும் பிரைட்டன் எழுந்து போய் முகம் கழுவுவான். ஆறு வருஷமாக இதுதான் நடக்கிறது. அவன் பொய்யில் பழகிய ஆளில்லை. கதவைப் பூட்டினோமா என்று பாதி மாடிப்படியிலிருந்து திரும்பி ஏறிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு வாரம் ஒரு பொய் என்பது வாரம் ஒரு முள்.

சத்தியம் இதுதான். ஷீஜாவின் அப்பா சிலுவை நல்ல மீன்பிடிக்காரர், குடித்தே செத்தார். அதற்குப் பிறகு ஞானசெல்வி குழித்துறைச் சந்தையில் மீன் விற்றுத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார். கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்த பிரைட்டன் பெண் கேட்டு வந்தபோது, நகை பற்றியோ வீடு பற்றியோ அவர் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் முதல் ஓலை வாசிக்கும் முன், கல்யாண அறிவிப்பு ஊருக்குத் தெரியும் முன், பையனைக் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பீடத்தைப் பார்த்து நிற்க வைத்து, "மதுவைத் தொடமாட்டேன்" என்று சொல்ல வைத்தார். பிரைட்டன் முழு மனதோடுதான் சொன்னான். அப்போது அவனுக்குக் குடியில் ஆசையும் கிடையாது, வெறுப்பும் கிடையாது.

ஷீஜாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, பின்னாலேயே அவனும் போய், ஒரு ரொட்டி ஆலையில் குளிரறைகளைப் பார்க்கும் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் குளிர்காலம். மூத்த மெக்கானிக் ஒருவர் ஓய்வு பெற்றார். விருந்தில் ஆளுக்கொரு கிளாஸ் கறுத்த பீர் வந்தது. குடிக்காமல் கையில் வைத்திருந்தால் மரியாதையாக இருக்கும் என்று பிரைட்டன் வாங்கினான். கிளாஸ் மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. மாசி! சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்த மாசிக் கருவாட்டின் மணம், அட்சரம் பிசகாமல். அந்த ஊர்க்காரர்கள் பார்லியை விறகுப் புகையில் உலர்த்திப் பீர் காய்ச்சுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதமாகக் கருவாட்டு மணமே இல்லாத ஊரில் கிடந்தவன், இரண்டு விரல் உயரத்துக்குக் குடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷீஜாவிடம் நடந்ததைச் சொன்னான். அவள் சப்பாத்தி உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"மாசி மணமா? உள்ளதா?"

"உள்ளதாக்கும் ஷீஜா."

"பின்னே எனக்கு ஒரு குப்பி கொண்டுவராம வந்து நிக்கியளே!"

அப்படித்தான் தொடங்கியது. பெரிய கம்பெனிப் பீர்களை அவர்கள் சீண்டவில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்துகிற சின்ன ஆலைகள், ஒவ்வொருவரும் தன் கைப்பக்குவத்தில் காய்ச்சுவது, கிராஃப்ட் பீர் என்கிறார்களே, அதுதான். வாரத்துக்கு ஒரு குப்பி, இரண்டு கிளாஸ், ஆளுக்குப் பாதி. அதைப் பற்றி எழுதிவைக்க ஒரு நோட்டு. போனில் ஒரு செயலி இருந்தது. அதில் மற்றவர்கள் 'பைன் மரம்', 'கிரேப் ஃபுரூட்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பிரைட்டன் இந்த இரண்டையும் நக்கிப் பார்த்தவனில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததை எழுதினான். கோதுமைப் பீருக்கு: 'மட்டிப்பழம், கிராம்பு'. மட்டி என்றால் ஊரில் கிடைக்கிற மணமான சின்ன வாழைப்பழம். கசப்பு தூக்கலாக இருந்த ஒன்றுக்கு: 'நார்த்தை இலை, மாங்காய்ப் பால்'. கறுப்புப் பீர் ஒன்றுக்கு: 'கருப்பட்டிக் காப்பி, அடி பிடிச்சது'. பக்கத்தின் இடப்பக்கம் அவனுடைய மார்க், வலப்பக்கம் ஷீஜாவின் மார்க். அவள் கஞ்சத்தனமாகத்தான் போடுவாள். கூடவே ஒரு குத்தலும் இருக்கும்.

லீவு கிடைத்தால் பயணம். செக் நாட்டில் ஒரு ஆலையின் நிலவறையில் பீப்பாயிலிருந்து நேராக ஊற்றிக் கொடுத்ததற்கு அவன் ஒன்பது போட்டான்: 'மழை நனைத்த வைக்கோல்'. அதே பீரைக் குப்பியில் வாங்கிவந்து வீட்டில் திறந்தபோது வைக்கோல் இருந்தது, மழையைக் காணவில்லை. ஆறு. பெல்ஜியத்தில் ஒரு புளிப்புப் பீருக்கு 'அன்னாசித் தோல், பழங்கஞ்சி' என்று எழுதினான். அதை அங்கே குடித்ததைவிட வீட்டில் ஒரு வருஷம் வைத்துக் குடித்தபோது நன்றாக இருந்தது. பெங்களூரில் ஒரு மாம்பழப் பீர். மாம்பழம் வருகிறது வருகிறது என்றார்கள், கடைசிவரை வரவில்லை. ஒரே பீர் இடம் மாறினால் ஏன் மாறுகிறது என்று யோசிக்க அவனுக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் மட்டும் மனதுக்குள் வேறு கவலை ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஓடும்.

போன வருஷம் அக்டோபரில், கோட்டாறு திருவிழாவுக்கு ஊருக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, அவன் முடிவெடுத்தான். மாமியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.

"சொல்லுங்க," என்றாள் ஷீஜா. "ஆனா எனக்க பேரு அதுல வரப்பிடாது. மருமவன் குடிச்சாம்னா அம்மைக்கு ஒரு வருத்தம். மவளும் குடிச்சாண்ணு அறிஞ்சா, அப்பனுக்க ரத்தம்ணு நெனச்சு அம்மை ஒடைஞ்சு போவும்."

அது நியாயமாகப் பட்டது. ஆனால் தான் குடிகாரன் இல்லை என்று காட்ட நோட்டுதான் அவனிடமிருந்த ஒரே சாட்சி. பக்கத்துக்குப் பக்கம் ஷீஜாவின் கையெழுத்தோ கிடக்கிறது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். குப்பிகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிள்களை உரித்து ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தப் பீரின் லேபிளை வலப்பக்கம் ஒட்டினால், மார்க்கும் மறையும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மைதா மாவு காய்ச்சி மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டினான். கல்போலப் பிடித்துக்கொண்டது. ஹீட்டர் எரிகிற அறையில் எதுதான் பிடிக்காது?

ஊரில் நல்ல மழை. கடற்காற்றோடு கார்த்திகை ஈரமும் சேர்ந்து, தீப்பெட்டி உரசினால் பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருந்தது. நோட்டு நான்கு நாள் சூட்கேசுக்குள் கிடந்தது. பிரைட்டன் திறந்து பார்க்கவில்லை. எந்தக் கதவையும் இரண்டு முறை பார்க்கிறவன், இதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள், ஞானசெல்வி சந்தையிலிருந்து வந்து, முற்றத்துக் குழாயடியில் மீன் சருவத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பிரைட்டன் பக்கத்தில் போய் நின்றான்.

"மாமி, சத்தியம் கெடக்கல்ல."

கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவரே அதை மூடினார்.

"எம்பிட்டு நாளாட்டு?"

"ஆறு வருஷம்."

"என்னவாக்கும்? பிராந்தியா?"

"பீர் மாமி. வாரத்துக்கு ஒண்ணு. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சிருக்கியா? குடிச்சத எழுதி வைக்கப்பட்ட ஒருத்தன இப்பதான் பாக்கேன். கொண்டா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து உதடசைத்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓரிடத்தில் நிமிர்ந்தார்.

"மாசியா? பீருக்குள்ள மாசியா?"

"மணம் மட்டும் மாமி."

"அங்க உள்ளவனுவளுக்கு மாசி என்னண்ணு தெரியுமாலே?"

அவன் பதில் சொல்லுமுன் அவர் கண் வலப்பக்கம் போய்விட்டது. லேபிளின் ஓரம் ஈரத்தில் சுருண்டு தூக்கிக்கொண்டு நின்றது. மீன் புதுசா என்று பார்க்கச் செவுளைத் தூக்குவாரே, அதே மாதிரி ஒரு நகத்தை உள்ளே விட்டு மெல்லத் தூக்கினார். அடியில் இருந்தது இதுதான்: 'எட்டு இல்ல, அஞ்சு. மட்டிப்பழம் உங்க மண்டைக்குள்ள.' அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். எல்லா லேபிளும் வாய் பிளந்து கிடந்தன. நர்சிங் படித்த நாளில் விடுதியிலிருந்து வாரம் ஒரு கடிதம் போட்ட கையெழுத்து. அம்மாவுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமா?

"ஏட்டி ஷீஜா, இஞ்ச வா."

ஷீஜா துருவிய தேங்காய்ப் பூவோடு வாசலில் வந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஒட்டத் தெரியாதவன் ஒட்டப்பிடாது," என்றார் ஞானசெல்வி. "இது ஒனக்க எழுத்துதானே?"

"ஆமாம்மா."

"நான் சொல்லித்தான் மாமி அவ…" என்று பிரைட்டன் இழுத்தான்.

"நீ மிண்டாத. இவ ஒருத்தன் சொல்லிக் கேக்கக்கூடியவளா? நான்தானே பெத்தேன்." நோட்டை மூடி மடியில் வைத்தார். "குடிச்சது கெடக்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் சாமிய கண்டிட்டு வந்து நான் ஒங்கிட்ட கேட்டேன். நீ கெடக்குண்ணு சொன்ன. நான் அத நம்பி சோறு தின்னேன். அதுக்கு என்ன சொல்லப் போற?"



இரண்டு நாள் அவர் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. நெய்மீனின் நடுக்கண்டம் அவன் தட்டில்தான் விழுந்தது. "இன்னும் வைக்கட்டா?" என்ற கேள்வி மட்டும் வரவில்லை. ஷீஜாவின் தம்பி லிஜின் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அத்தான், மூணு நாளு கழிஞ்சா அம்மைக்குத் தொண்டை வலிக்கும், தானா பேசும்," என்று தேற்றிவிட்டுப் போனான். நோட்டு அவனிடம் திரும்பி வரவும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மாமியார் உள்ளறையில் உட்கார்ந்து அதை மறுபடி வாசிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? முதுகைப் பார்த்து அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில், "ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றார்.

கோட்டாறு கோயிலில் திருவிழாக் கூட்டம். குடையும் மெழுகுவர்த்தியுமாக நெருக்கியடித்து உள்ளே போய், பதினோரு வருஷத்துக்கு முன் நின்ற அதே தூணோரம் ஞானசெல்வி நின்றார்.

"ஒடைஞ்ச சத்தியத்த வீட்டுல வச்சிக்கிட்டு இருக்கப்பிடாது. முதல்ல அத இஞ்ச வச்சு மாப்பு கேளு."

கேட்டான். ஷீஜாவும் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

"இனி புதுசு. நான் சொல்லச் சொல்ல சொல்லணும். ஒரு குப்பி, ரெண்டு பேருக்கு."

"ஒரு குப்பி, ரெண்டு பேருக்கு."

"வெளிச்சம் போனதுக்குப் பொறவு தொடப்பிடாது. ஒனக்க மாமா பகல்ல பொன்னான மனுசன். இருட்டிச்சுண்ணா வேற ஆளு."

"வெளிச்சம் போன பிறகு தொடமாட்டேன்."

"குடிச்சத ஞாயிறு எனக்கு வாசிக்கணும். ரெண்டு பக்கமும்."

பிரைட்டன் அதையும் சொல்லிவிட்டு, தயங்கி, "மாமி, கிறிஸ்துமஸ், கல்யாண நாளு இப்படி வந்தா…" என்று தொடங்கினான்.

"லே, இது கோயிலாக்கும். ஏலம் விளிக்காத."

பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அப்போதுதான் ஞானசெல்வியும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது பையிலிருந்து நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார். லேபிள் ஒன்றும் இல்லை; அத்தனையையும் உரித்து எடுத்துவிட்டிருந்தார்.

அவர்கள் பாம்பெர்க் திரும்பியபோது டிசம்பர் இரண்டாம் வாரம். முதல் சனிக்கிழமை ஷீஜாவுக்குப் பகல் டியூட்டி. முடிந்து, பஸ் பிடித்து, பனிச்சகதியில் நடந்து வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். பிரைட்டன் இரண்டு கிளாசைத் துடைத்து வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றான். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குளச்சலில் மழையானாலும் வெயிலானாலும் வருஷம் பூராவும் ஆறு, ஆறரைக்குத்தான் விளக்குப் போடுவார்கள். மாமி அந்த வெளிச்சத்தை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு இது. இங்கே மாலைக் காப்பி நேரத்துக்கே ராத்திரி வந்துவிடுகிறது.

"பகல் நாலு மணிக்கு இருட்டுனா அது இருட்டா?" என்றாள் ஷீஜா.

"எனக்கு அறிஞ்சுகூடா. கேட்டிட்டு குடிப்போம்."

"எனக்க அம்மைக்க மருமவன்தான் நீங்க," என்று சொல்லி அவள் குப்பியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாள்.

ஞாயிறு காலை போன் அடித்தது. பிரைட்டன் முந்திக்கொண்டான்.

"மாமி, ஒரு சந்தேகம். வெளிச்சம்ணு சொன்னது அங்கத்த வெளிச்சமா, இங்கத்த வெளிச்சமா? இங்க இப்ப நாலு மணிக்கே இருட்டிருது."

மறுமுனையில் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது.

"நாலு மணிக்கா? பின்னே அங்க உள்ள சனங்க எப்படி சீவிக்குது?" கொஞ்சம் யோசித்தார். "நீ எங்க இருந்து குடிக்கியோ அங்கத்த வெளிச்சம். இஞ்ச உள்ள சூரியன் ஒனக்க கிளாசுக்குள்ள வருமா?"

"ஜூன் மாசம் இங்க ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும் மாமி," என்றான். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு முள்ளாகிவிடும்.

"அத நான் கேட்டனா? ஜூன் வரட்டு, பாப்போம்."

அடுத்த சனிக்கிழமை ஷீஜாவுக்கு லீவு. பகல் பன்னிரண்டு மணி. வெயில் இல்லை, பனியிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் அடுக்களை மேசைவரைக்கும் வந்திருந்தது. கோதுமைப் பீரை இரண்டு கிளாசிலும் சமமாக ஊற்றினான். பகலில் பார்த்தால் பீருக்கு இப்படியொரு நிறமா என்று இருந்தது. புது ஓலையின் மஞ்சள். அவன் எட்டு போட்டான். ஷீஜா நோட்டைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள். இப்போது எழுதுவது யார் காதுக்குப் போகும் என்று தெரிந்தும் அவள் கை தாராளமாகவில்லை.

ஞாயிறு. போன் அடித்தது.

"வாசி."

"கோதுமைப் பீர். இங்கத்த ஆலை. மணம், மட்டிப்பழம், கிராம்பு. எனக்கு எட்டு."

"அவளுக்கு?"

"ஆறு. 'நுரை நல்லா இருக்கு, ஆளு வாயத் தொறந்து பேசிக்கிட்டே இருந்ததுல பாதி மணம் போச்சு'ண்ணு எழுதிருக்கா."

கரண்டி சட்டியின் விளிம்பில் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு, சந்தையில் பழக்குலையைத் திருப்பிப் பார்த்துக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மட்டிண்ணா, எந்தப் பருவம்? காம்பு பச்சையாட்டு இருக்கப்பட்டதா, தோலு கறுத்து கனிஞ்சதா?"

பிரைட்டன் கிளாசை நினைத்துப் பார்த்தான். அது கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"சரியாட்டு பாக்கல்ல மாமி."

"பின்னே என்னத்த எழுதின?" என்றார். "அடுத்த சனி நல்லா பாத்துச் சொல்லு. குழம்பு கொதிக்கு, வைக்கட்டா?"

பிரைட்டன் பேனாவை எடுத்து, எட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.