கப்பல் கூலி சேராத விலை

கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்க்கும் மரக் கம்பனியின் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். ஒப்பந்தம், கையெழுத்து எல்லாம் அவருக்கு வாய்ச்சொல்லுக்குப் பிறகுதான். தொலைபேசியில் ஒருதரம் 'சரி' என்றுவிட்டால், நட்டம் வந்தாலும் அந்தச் சொல்லிலிருந்து இறங்க மாட்டார். மர வியாபாரிகளிடையே அவருக்கு இருந்த மதிப்பே அதுதான்.

மலேசியாவிலிருந்து வரும் வைரமான மரத்தை ஒருகொடவத்தையிலுள்ள எங்கள் களஞ்சியத்தில் பலகையாக அறுத்து, வெளிநாடொன்றுக்கு அனுப்ப நினைத்தார். இரண்டு நாடுகளில் இருந்து கேட்டிருந்தார்கள். ஒன்று கிட்டத்து நாடு, மற்றது வெகுதூரம். பெயர்களை எழுதினால் இன்றைக்கும் கோபிப்பார்.

"எந்த நாடு இந்த மரத்தக் கூடுதலா எறக்குமதி செய்யிதுன்னு பாத்து ஒரு தாள்ல எழுதித் தாங்க மகள். பெரிய சந்தைக்குத்தான் வாக்குக் குடுப்பேன். வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு கோல் எடுக்கணும்."

இரண்டு நாடுகளின் இறக்குமதிப் பெறுமதிகளையும் இணையத்தில் தேடி, பக்கம் பக்கமாக வைத்து, நிறமெல்லாம் அடித்து வியாழக்கிழமை காலையே கொடுத்துவிட்டேன். கிட்டத்து நாடு சற்றுக் கூட. ஹாஜியார் மேல்வரியை மட்டும் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளி மதியம் பாமன்கடையிலுள்ள தளபாடக் கடைக்காரர் கோல் எடுத்தார். வெள்ளவத்தை வீட்டுக்கு ஓர் அலுமாரி சொல்லியிருந்தேன்.

"மிஸ், நான் சொன்னது கடை விலை. லொறிக் கூலி வேற."

சண்டை பிடிக்க வாயெடுத்தேன். மற்றக் கடைக்காரர் கூலியோடு சேர்த்துச் சொன்ன விலையுடன் ஒப்பிட்டுத்தானே இவரை மலிவென்று நினைத்தேன்? அந்த நொடியில் என் அட்டவணை ஞாபகம் வந்தது. கணினியைத் திறந்து, நான் படிக்காமல் விட்ட அடிக்குறிப்புகளைப் படித்தேன். கிட்டத்து நாடு கப்பல் கூலியையும் காப்புறுதியையும் பெறுமதியில் சேர்த்திருந்தது. தூரத்து நாடு சேர்க்கவில்லை. அவ்வளவு தூரத்துக் கூலியையும் சேர்த்தால் அதுதான் முன்னுக்கு நிற்கும்.

தொழுகை நேரம்; ஹாஜியாரின் போன் அணைந்திருந்தது. திருத்திய தாளோடு ஓடிப்போய்ப் பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றேன். அவர் வெளியே வந்து போனைக் காதில் வைப்பதற்குள் பிடித்துவிட வேண்டும். ஒரு த்ரீவீலர்காரர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டார். நான் பள்ளிவாசல் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தவரை மறித்தேன்.

"ஹாஜியார், ஒருக்கா நில்லுங்கோ. நான் தந்த கணக்குப் பிழை. இன்னும் கோல் எடுக்கேல்லைத்தானே?"

தாளை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க எழுதித் தந்த பொறகு ஜும்மா மட்டும் ஏன் காத்துக்கிட்டு ஈக்கணும்? நேத்தே வாக்குக் குடுத்துட்டேன் மகள்."

"மாத்தேலாதோ?"

"சொன்னது சொன்னதுதான்." பிறகு கேட்டார், "பகல் சாப்பிட்டீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை போகவில்லை. ஆனால் இப்போது என் தாள் எதையும் அவர் மடித்துப் பையில் வைப்பதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிக்குறிப்பு வரை வாசிக்கிறார். அவர் வாசித்து முடிக்கும்வரை நான் மேசைக்கு முன்னால் நிற்கிறேன்.