பதினேழு மணி நேரத்தில் வந்துவிடுவான்

ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம்... அப்பாவின் சாவு எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது. டொரொன்டோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். தங்கச்சி செல்வி போனில் அழுகிறாள், பின்னால் அந்த ‘ர்ர்ர்’ மட்டும் விடாமல் கேட்கிறது. பெட்டியை வாலாஜாபாத்திலிருந்து கொண்டுவந்திருந்தார்கள்.

“டிக்கெட் கிடைச்சிடுச்சு, ஏறப் போறேன்” என்று மட்டும் சொன்னேன். எந்த வழியாக, எப்போது வந்து சேருவேன் என்று சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். நான் மூத்தவன், தம்பிதான் இளையவன். அதனால் ஊரே எனக்காகக் காத்திருந்தது. சாவு எடுக்கும்வரை பங்காளி வீடுகளில் அடுப்பு எரியாது. பிள்ளைகளுக்கு உத்திரமேரூர் ஓட்டலிலிருந்து இட்லி வாங்கிவந்து கொடுத்தார்களாம்.

சித்தப்பா செல்வியிடம், “அண்ணன் வர எவ்ளோ நேரம் ஆவும்னு போன்ல பாரும்மா” என்றிருக்கிறார்.

பார்த்தாள். டொரொன்டோ டு சென்னை... பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம். பளிச்சென்று போட்டிருந்ததாம்.

அது நேராகப் பறந்தால் ஆகும் நேரம். அப்படி நேராகப் பறக்கிற விமானமே கிடையாது! நடுவில் இறங்கி, மணிக்கணக்கில் உட்கார்ந்து, வேறு விமானம் ஏற வேண்டும். அதை அந்த இணையப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் என்ன கேடு? அதை எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்தால்...

அந்தக் கணக்கை நம்பி மறுநாள் மதியமே பாடை கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டால் பொழுது சாய்வதற்குள் எடுத்தே ஆக வேண்டும்.

நான் வளைகுடாவில் ஒரு ஏர்போர்ட்டில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருந்தேன். செல்வி கூப்பிட்டாள்.

“எங்கண்ணா கீற? செங்கல்பட்டு தாண்டிட்டியா?”

“இன்னும் இந்தியாவுக்கே வரலம்மா...”

சித்தப்பா போனை வாங்கினார். “இன்னாப்பா பண்றது? பாடை கட்டியாச்சு. மேளக்காரங்க வந்துட்டாங்க. சின்னவன வச்சி முடிச்சிடட்டுமா?”

“முடிச்சிடுங்க சித்தப்பா” என்றேன். வேறு என்ன சொல்ல?

வீடியோ காலில் காட்டினார்கள். எல்லாரும் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டார்கள். பறைச் சத்தத்துக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளித்தார். இயர்போன் மாட்டிக்கொண்டேன். தம்பி மொட்டைத் தலையோடு கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். தெருமுனை திரும்பும்போது நெட் கட் ஆனது.

விடியற்காலையில் வீட்டுக்குப் போனேன். வாசல் கழுவி ஈரமாக இருந்தது. பெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இத்தனை தூரம் வந்தும் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது வீடியோ தெளிவாக வருகிறது. அம்மா சமைப்பதை, சாப்பிடுவதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்ய? போன மாசம் தம்பியும் சிட்னிக்குப் போய்விட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

நேற்று அம்மா கேட்டாள். “அங்கேர்ந்து அவன் வர எவ்ளோ நேரம்டா ஆவும்?”

“எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?”

“இல்லடா... உங்க அப்பாவுக்கு நீ வரலன்னாலும் சின்னவன் கூட இருந்தான். எனக்கு யாருடா கீறாங்க?”