கதவில் ஒரு கை

போன மாதம் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பூட்டில் யாரோ சாவியை விட்டுத் திருகும் சத்தம். திறந்தால்... பக்கத்து ஃப்ளாட் பாக்கியம் அக்கா.

“இது என் வீடு இல்லையா?” என்றார்.

அக்காவுக்கு க்ளாக்கோமா. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் மேற்கு மாம்பலம் ஃப்ளாட்டில் மாடிக்கு நான்கு கதவுகள் - ஒரே மரம், ஒரே பாலிஷ். தடவிப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது? அன்றோடு அக்கா வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். தனியாக இருப்பவர் வேறு.

கதவில் ஒரு மணியை மாட்டலாமே? நானும் சொல்லிப் பார்த்தேன்.

“கண்ணு தெரியாதவ வீடுன்னு போர்டு மாட்டவா?”



ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அண்ணன் மகள் ரேவதி வந்தாள். பெருங்குடியில் ஃபர்னிச்சர் பட்டறை நடத்துகிறாள். “ரவுட்டர் எடுத்தாந்திருக்கேன்” என்றாள். வைஃபை என்று நினைத்தேன். இது மரம் குடையும் ரவுட்டர்! இரண்டு கைப்பிடி, நடுவில் ஸ்க்ரீன், ஒரு கேமரா, அடியில் சுழலும் சின்ன பிளேடு.

அக்காவின் கதவைக் கழற்றிப் படுக்க வைத்தாள். வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு டேப்பை அதில் ஒட்டினாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் மெஷின் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளுமாம். அக்காவின் வலது கையைத் தாளில் வைத்து, பேனாவால் சுற்றி வரைந்து, படமெடுத்து மெஷினில் ஏற்றினாள். “கதவுல அத்தை கையையே பள்ளமா குடையப் போறேன், பாக்குறவங்களுக்கு அது டிசைன்தான்” என்றாள்.

“அத்தை, மோதிர விரலு கோணலா கீது. நேராக்கிடட்டா?”

“வாணாம்மா. நேராக்கினா அது வேற யாரோ கை.”

பாதி குடைந்ததும் ரேவதி கைப்பிடியை என்னிடம் நீட்டினாள். “நீங்க ஒரு தபா தள்ளுங்க சார்.”

“கதவு போயிடும்மா!”

“போவாது. ஸ்க்ரீன்ல தெரியுற கோட்டாண்ட சும்மா நகர்த்திக்கினே போங்க. மீதியை அது பாத்துக்கும்.”

என் கை தடுமாறியது. பிளேடு தடுமாறவில்லை! நான் இடப்பக்கம் இழுத்தால் அது உள்ளுக்குள்ளேயே வலப்பக்கம் நகர்ந்து கோட்டைப் பிடித்தது. ரொம்ப விலகினால் தானே மேலே எழும்பி நின்றுகொண்டது. என் நடுக்கத்தையெல்லாம் திருத்திய மெஷின், அக்காவின் கோணல் விரலை மட்டும் இம்மி பிசகாமல் அப்படியே செதுக்கியது. எது பிழை, எது அடையாளம்... மனிதர்களுக்கே பல நேரம் புரியாத வித்தியாசம் ஆயிற்றே! ரேவதி சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்தது. தெரியும். ஆனாலும் கைப்பிடியை விடாமல் அடுத்த விரலையும் நானே முடித்தேன்.

கதவை மறுபடி மாட்டினோம். அக்கா தடவிக்கொண்டே வந்தார். பள்ளத்தில் உள்ளங்கை இறங்கியது. ஐந்து விரலும் கச்சிதம். கையை எடுக்க மனமில்லாமல் நின்றார். பிறகு, “பையைக் குடு ரேவதி, கீரை வாங்கியாறேன்” என்றார்.

தனியாகப் போனார். தனியாகவே திரும்பினார். எங்கள் கதவைத் தடவியவர் நிற்காமல் நகர்ந்தார். அடுத்த கதவில் கை பதிந்தது. சாவி திரும்பியது.

இப்போதெல்லாம் கரன்ட் போனால், எங்கள் மாடியில் எல்லோரும் தங்கள் கதவைக் கண்டுபிடிக்க முதலில் தடவித் தேடுவது அக்கா கதவில் இருக்கும் அந்தக் கையைத்தான்.