வண்டியில் ஏறாத டிரைவர்

கோக்-தலா ஊருக்கும் பத்கென் நகரத்துக்கும் நடுவே வேன் ஓட்டிக்கொண்டிருந்த துர்குன்பாய், இடம் இல்லை என்று யாரையும் இறக்கிவிட்டதே கிடையாது. "மூச்சை உள்ளே இழுத்துக்கோங்க, இன்னும் ஒருத்தர் ஏறட்டும்" என்பார். கிளம்பும் நேரத்துக்கு ஆள் வரவில்லையென்றால் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய் ஹாரன் அடிப்பார். "பல்லு வலின்னு நேத்து சொன்னியே, இன்னிக்கு டாக்டர் இருக்காரு, வா!" என்று தெருவே கேட்கும்படி கத்துவார். யாருக்கு எந்த நோய், யார் வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயது. பெருத்த உடம்பு, பெருத்த குரல்.

பக்கத்து நாட்டோடு எல்லையில் சண்டை வந்த அந்தச் செப்டம்பர் காலையில் முதல் குண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விழுந்தது. துர்குன்பாய் யாரையும் கேட்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பெண்களையும் குழந்தைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு பத்கெனுக்கு ஓட்டினார். கொண்டுபோய் இறக்கிவிட்டு மறுபடி வந்தார். கடைசி முறை வந்தபோது மேலத்தெருவே எரிந்துகொண்டிருந்தது. வேனுக்குள் குழந்தைகள் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து கிடக்க, பக்கக் கதவை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினார். கால்வாய் ஓரத்து வீட்டு வாசலில் உம்சுனாய் நின்றுகொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், ஐம்பதைத் தாண்டியவள், வாய்த்துடுக்குக்குப் பேர் போனவள். ஒரு கையை உயரத் தூக்கிக் காட்டினாள்.

துர்குன்பாய் நிறுத்தவில்லை. பக்கத்திலேயே ஏதோ வெடித்தது. அவர் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது தூக்கிய கையோடு உம்சுனாய் சிறிதாகிக்கொண்டே போனாள். பிறகு புகை வந்து மறைத்துவிட்டது.

அவள் சாகவில்லை. கால்வாய்க்குள் இறங்கி நடந்தே மலைப்பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கிசில்-கியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஒரு வாரத்திலேயே சேதி வந்தது. ஊரார் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். துர்குன்பாய் மட்டும் எழுந்து வெளியே போனார்.

அதன் பிறகு அவர் வேனைத் தொடவில்லை. பத்கெனில் வாடகைக்கு எடுத்த வீட்டு முற்றத்தில் அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் கியர் போய்விட்டது என்றார். மனைவி சனபர் சந்தையில் இறைச்சி வைத்த சம்சா ரொட்டி சுட்டு விற்றுக் குடும்பத்தை ஓட்டினாள். மாவு மூட்டையை அவள் டாக்சியில் கொண்டுவந்து இறக்கும்போது, சொந்த வேன் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

"என்ன டிரைவர், வேன் முட்டை போடுமான்னு காத்திருக்கியா?"

அவர் தார்ப்பாயை இன்னும் இழுத்து மூடினார். தெருவில் எந்த வேனின் பக்கக் கதவாவது இழுத்து மூடப்படும் சத்தம் கேட்டால் அவர் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை ஜில்லிடும், சட்டை நனைந்துவிடும். தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் சந்தையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் காளை மாட்டு இதயம் போல இருக்கிறது என்று சொல்லி, கீழ்மாடியில் உட்கார்ந்திருக்கும் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

அவள் பெயர் சைகால். ஓஷ் நகரத்திலிருந்து வந்தவள். முப்பது வயது இருக்கும், எப்போதும் சளி பிடித்த மூக்கு. சண்டையில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காகவே அவளை அனுப்பியிருந்தார்கள்.

துர்குன்பாய் தொப்பியைக் கழற்றாமலே சொன்னார். "நான் பைத்தியம் இல்லம்மா."

"யாரும் அப்படிச் சொல்லலையே, அண்ணே."

"என் பொண்டாட்டி சொல்றா."

"அது எல்லா வீட்லயும் சொல்றதுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றினார்.

அன்று அவர் உம்சுனாயைப் பற்றிப் பேசவில்லை. நெஞ்சு அடிப்பதையும் தூக்கம் வராததையும் மட்டும் சொன்னார். சைகால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க வீட்ல காவல் நாய் இருந்துச்சா, அண்ணே?"

"ஊர்ல இருந்துச்சு."

"உங்க உடம்புக்குள்ளேயும் ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அது குரைச்சது சரிதான். குரைச்சதாலதான் அத்தனை பேர் பிழைச்சாங்க. ஆனா எல்லாம் முடிஞ்சுபோச்சு, படுத்துக்கோன்னு அதுக்கு யாரும் சொல்லலை. இப்போ காத்துல கதவு ஆடினாலும் எழுந்து நிக்குது."

"சுட்டுப் போட்டுடலாமே."

"நாய் இல்லாத வீடு நல்லாவா இருக்கும்? பழக்குவோம்."

அடுத்த வாரங்களில் பழக்கினார்கள். பதற்றம் வரும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, வெளிமூச்சை நீளமாக விட்டு, கண்ணில் படுவதைப் பெயர் சொல்லச் சொன்னாள். "நாற்காலி, ஜன்னல், உன் மூக்கு" என்று அவர் சொல்வார். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. ஒரு நாள் அவராகவே கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சைகால் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "வேனை எனக்குக் காட்டுவீங்களா?" என்றாள்.

அதன் பிறகு அவர்கள் முற்றத்தில் சந்தித்தார்கள். முதல் நாள் தார்ப்பாயை எடுத்ததோடு சரி. வேனுக்குள்ளிருந்து ஒரு பூனை குதித்து ஓடியது. சனபர் அடுப்படி ஜன்னலில் நின்று, "நல்லவேளை, பூனையாவது குடியிருந்துச்சு" என்றாள். இன்னொரு நாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வியர்த்து ஊற்றியது. சைகால் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பயம் இறங்கும்வரை இறங்க விடவில்லை. உண்மையிலேயே அது இறங்கியது. அவருக்கே ஆச்சரியம். தானாக இறங்கும் என்று யார் கண்டது!

கஷ்டமானது பக்கக் கதவுதான். அதை அவள் இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். முதலில் ஒவ்வொரு தடவையும் அவர் தோள் தூக்கிப்போட்டது. பிறகு அவரே மூடினார். கடைசியில், "மெதுவா மூடும்மா, கதவு ஓடுற தண்டவாளம் தேய்ஞ்சுடும்!" என்று அதட்டினார். அடுப்படியில் சனபருக்குக் கை நின்றுவிட்டது. அது அவருடைய பழைய குரல்.

வேனுக்குள் உட்கார்ந்தே அந்தக் காலையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள் சைகால். எத்தனையோ தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் என்ன ஆச்சு, அண்ணே?"

"அவ்வளவுதான். புகை வந்துடுச்சு."

"வேன் எங்கே போச்சு?"

"என்ன கேள்வி இது? பத்கெனுக்குத்தான்."

"அங்கே போய்?"

சத்தியமாக அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. சந்தைக்கு முன்னால் வேனை நிறுத்தினார். கதவைத் திறந்தார். குழந்தைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒரு குட்டிப் பெண் அவர் முதுகில் வாந்தி எடுத்திருந்தாள். அவளுடைய அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் கொடுத்தார், அதில் சர்க்கரை அதிகம். சொல்லிக்கொண்டே வந்தவர், "எல்லாரும் இறங்கினாங்க" என்று ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். சைகாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது சளியா அழுகையா என்று தெரியவில்லை.

அழுது முடித்ததும் அவரே சொன்னார். "உம்சுனாய் அக்காவைப் போய்ப் பார்க்கணும்."

"அவங்க திட்டினாலும் திட்டுவாங்க."

"திட்டாம இருந்தா அது உம்சுனாயே இல்லை."

கிசில்-கியாவுக்கு வேனை அவரே ஓட்டினார். சனபர் மடியில் சம்சா பாத்திரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியில் இரண்டு இடத்தில் ஓரங்கட்டி, பாதத்தை அழுத்தி மூச்சு விட்டார். அவள் அவசரப்படுத்தவில்லை.

கதவைத் திறந்த உம்சுனாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டியா? வழி இப்போதான் தெரிஞ்சுதா?"

"அக்கா, அன்னிக்கு நான் நிறுத்தலை." வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

"நிறுத்தலைதான். எனக்குக் கண்ணு இல்லையா? கால்வாய் முழுக்க உன்னைத் திட்டிக்கிட்டே நடந்தேன். உன் அப்பன், தாத்தா யாரையும் விடலை. திட்ட ஆள் இருந்ததாலதான் பயம் தெரியாம மலை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்."

துர்குன்பாய் தலையைக் குனிந்தார்.

"ஆனா ஒண்ணு கேளு. நான் ஏறுறதுக்கு மட்டுமா கையைக் காட்டினேன்? கன்னுக்குட்டியையும் ஏத்தணும்னுதான் காட்டினேன். நீ நிறுத்தியிருந்தா, கன்னு இல்லாம ஏறமாட்டேன்னு உன்கிட்ட சண்டைக்கு நின்னிருப்பேன். என்னைத் தெரியாதா உனக்கு? அந்தப் பிள்ளைங்க எல்லாம் அங்கேயே கிடந்து செத்திருக்கும்."

சனபர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நிறுத்தாத கோபம் அன்னிக்குச் சாயந்திரமே போச்சு. ஊர் மொத்தமும் என்னை வந்து பார்த்துட்டுப் போச்சு. நீ வரலை. வேன் வச்சிருக்கிறவன் வரலை! அந்தக் கோபம் இன்னும் இருக்கு. உள்ளே வா, செருப்பைக் கழட்டு."

கம்பளத்தில் உட்கார வைத்து ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் தேநீரும் வைத்தாள். சாப்பிடச் சாப்பிட வைதுகொண்டே இருந்தாள். எரிந்துபோன வீட்டின் அலமாரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறியது. துர்குன்பாய் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணம் காலியாவதற்குள் அவர் கண் செருகியது. தலையணைமேல் சாய்ந்தவர் நடுப்பகலில் அப்படியே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். சனபர் வெட்கப்பட்டு எழுப்பப் போனாள்.

"விடு. தூங்கட்டும். எத்தனை நாள் தூக்கமோ" என்று உம்சுனாய் தன் சால்வையை எடுத்துப் போர்த்தினாள்.

இப்போது கோக்-தலாவில் வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். துர்குன்பாய் பழையபடி ஓட்டுகிறார். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கல்குவாரியில் வெடி வைக்கிற அன்றைக்கு வேனை ஓரமாக நிறுத்துவார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருப்பார். பயணிகளுக்கு அது பழகிவிட்டது. அவர்களிலும் சிலர் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

சைகாலுக்கு ஓஷுக்கு மாற்றலாகிவிட்டது. போகும்போது தன்னிடம் வந்துகொண்டிருந்த வேறொருவரைப் பேருந்து நிலையத்தில் துர்குன்பாயிடம் ஒப்படைத்தாள். கோக்-தலா பள்ளிக்கூடக் காவலாளி, குண்டு விழுந்த அன்றிலிருந்து ஊர்ப்பக்கமே போகாதவர். துர்குன்பாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முன்கதவைத் திறந்தார்.

"ஏறி உட்காருப்பா. இன்னிக்கு வண்டி எங்கேயும் போகலை. சும்மா உட்கார்ந்து பேசுவோம்."