ஹபீல் துப்புரவாக்கிய துடுப்புகள்

கண்டி நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹபீலின் கைக்குப் போன எந்த முகமும் பழுதோடு திரும்பியதில்லை. பரு, மச்சம், அம்மைத் தழும்பு, எதையும் கம்பியூட்டரில் விட்டுவைக்கமாட்டார். மாப்பிள்ளையின் தொப்பைகூட அவர் தயவில் ஒரு சுற்று இளைக்கும். திருத்தி முடித்த கையோடு பழைய படத்தை அழித்தும் விடுவார். கலியாண வீட்டில் அது தப்பித்தவறி வெளியே வந்தால் யார் ஏச்சு வாங்குவது?

அவருடைய தங்கை மகள் ஸனா பேராதனையில் விலங்கியல் படிக்கிறாள். திருகோணமலைக் கடலில் எடுத்த டொல்பின் படங்களைக் கொடுத்து, இருட்டாக இருப்பதை வெளிச்சமாக்கித் தரச் சொன்னாள்.

"போன வருஷம் வலையில மாட்டின ஒண்டு, பால்குடிக் குட்டியோட ஈந்திச்சு மாமா. அது உசுரோட ஈக்கான்னு பாக்கணும்."

குட்டி மூன்று நாலு வருடம் தாயை ஒட்டியேதான் திரியுமாம். அதற்குள் தாய் போனால் குட்டியும் போனமாதிரித்தான். கேட்டதும் ஹபீலுக்கு மனசு பொறுக்கவில்லை. கடை வேலையை ஒதுக்கிவிட்டு மெனக்கெட்டார். ஆளைக் காட்டுவது முகம்தானே என்று முகங்களையெல்லாம் துலக்கினார். முதுகுத் துடுப்பில் கிடந்த வெட்டு, பிளவு, பல் கீறல் எல்லாவற்றையும் கேட்காமலே நிரப்பி வைத்தார்.

படங்களைப் பார்த்த ஸனாவின் முகம் செத்துப்போயிற்று.

"யா அல்லாஹ்! மாமா, துடுப்புல ஈந்த வெட்டெல்லாம் எங்க?"

"நான்தான் சரியாக்கின. எப்பிடி ஈக்கி?"

"அத வெச்சுத்தானே ஒவ்வொண்டையும் அடையாளம் காணுற! ஒண்டையொண்டு கடிச்சது, வலை அறுத்தது, அந்த வெட்டெல்லாம் சாகும்வரைக்கும் மாறாது. மொகம் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் ஈக்கும்."

கமெராவின் கார்டை அடுத்த பயணத்துக்காக அவள் எப்போதோ அழித்துவிட்டிருந்தாள்.

வழக்கம்போல அழித்துவிட்ட பழைய படங்களை ஹபீல் கம்பியூட்டரில் தேடிப் பார்த்தார், ஒன்றும் மிச்சமில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்றே ஒன்றை அவர் தொடவில்லை. துடுப்பில் பாதியே இல்லாத அந்தப் படம் எந்த வித்தைக்கும் மசியாது என்று கைவிட்டிருந்தார். வெட்கத்தோடு திறந்து காட்டினார்.

"இவதான் மாமா!" ஸனா கத்தினாள். பக்கத்தில் குட்டியின் முதுகும் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவருக்கும்தான்.

பின்னேரம் திகனயில் உள்ள தன் வீட்டில், தங்கள் கலியாணப் படத்தின் முன்னால் ஹபீல் நின்றுவிட்டார். மனைவி மஸாஹிராவின் கன்னத்தில் சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டிய தழும்பு இருக்கிறது. படத்தில் இல்லை.

"இந்தப் படம் ஒனக்குப் புடிச்சீக்கா?"

மஸாஹிரா பிளேன்டீ கோப்பையை மேசையில் வைத்தாள்.

"வடிவான புள்ளதான். யாருண்டுதான் இவ்வளவு காலமும் தெரியல்ல."